டிக் ஏற்கெனவே போட்டிருந்தது: வலைத்தளங்கள் நம்மை இணங்க வைக்கும் விதம்

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, இரவு பதினொரு மணிக்கு மேல், அம்மா திருநெல்வேலி போவதற்கு பஸ் டிக்கெட் போட உட்கார்ந்தேன். ஒரு பஸ்ஸைத் தொட்டதும் சிவப்பு எழுத்தில் "இன்னும் 2 சீட்தான்" என்று வந்தது. அதன் கீழேயே "34 பேர் இந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் திரையின் மேலே ஒரு கடிகாரம் எட்டு நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் அடித்து முடித்துப் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தால், 1,149 ரூபாய் டிக்கெட் 1,287 ஆகியிருந்தது. திரையை மேலே நகர்த்திப் பார்த்தேன். பயணக் காப்பீடு, 29 ரூபாய்: பெட்டியில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. அதற்குக் கீழே நன்கொடை 10 ரூபாய், அதற்கும் டிக். மீதி 99 ரூபாய் வசதிக் கட்டணம்.

வலைத்தளங்களை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. இவை ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், எந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கடிகாரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கியபோது என் விரல் வேகமாகத்தான் போனது.

இதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். "ஆப்காரன் நம்ம மூளையையே ஹேக் பண்றான்" என்பது ஒரு பேச்சு. "ஏமாறுகிறவன்தான் ஏமாறுவான், எனக்கெல்லாம் நடக்காது" என்பது இன்னொன்று. எங்களிடம் வேலை கொடுக்க வருகிறவர்கள் சொல்வது மூன்றாவது: "சைக்காலஜிப்படி ஆரஞ்சு கலர் பட்டன் வைங்க, சேல்ஸ் ஏறும்." மூன்றுமே தவறு. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

## தெரியாத ஊரில் பசித்தால்

முதன்முறையாகப் போகும் ஊரில் மத்தியானம் பசிக்கிறது. எதிரெதிரே இரண்டு சாப்பாட்டுக் கடை. ஒன்றில் இலை போட இடமில்லாமல் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். இன்னொன்றில் சர்வர் வாசலுக்கு வந்து தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். அவசரம் இல்லையென்றால் அநேகமாக எல்லோரும் கூட்டம் இருக்கும் கடைக்குள்தான் நுழைவோம்.

நமக்கு உண்மையில் தெரியவேண்டியது "எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும்?" என்பது. இரண்டு கடையிலும் சாப்பிட்டுப் பார்க்காமல் அதற்கு விடை கிடைக்காது. அதனால் மனம் சத்தமில்லாமல் கேள்வியை மாற்றிக்கொள்கிறது: "எங்கே கூட்டம் அதிகம்?" இதற்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. கடினமான கேள்வியின் இடத்தில் எளிய கேள்வியை வைத்து முடிவெடுக்கும் இந்தப் பழக்கத்தை மனக் குறுக்குவழி என்போம். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970களில் இதைத்தான் தோண்டித் துருவினார்கள். கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

குறுக்குவழி என்றதும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டம் இருக்கும் கடையில் பெரும்பாலும் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாளில் எடுக்கும் எல்லா முடிவுகளையும் அலசி ஆராய்ந்துதான் எடுப்பேன் என்று உட்கார்ந்தால், குளித்துச் சாப்பிட்டுக் கிளம்புவதற்கே சாயங்காலம் ஆகிவிடும். படித்தவர், படிக்காதவர், கெட்டிக்காரர், அப்பாவி எல்லோருக்கும் மனம் இப்படித்தான் வேலை செய்கிறது. "எனக்கெல்லாம் நடக்காது" என்ற பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நியூயார்க்கின் பரபரப்பான தெரு ஒன்றில் நடத்தி, 1969இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல உதாரணம். ஒரே ஒரு ஆளை நடைபாதையில் நிறுத்தி, எதிர்க் கட்டடத்தின் ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். வழியில் போனவர்களில் 42 சதவீதம் பேர் தாங்களும் மேலே பார்த்தார்கள். பதினைந்து பேரை நிறுத்தியபோது அது 86 சதவீதம் ஆனது. மேலே பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

இதுவரை சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: தெளிவாகத் தெரியாத இடத்தில் மனம் அறிகுறிகளைப் பார்த்து முடிவெடுக்கிறது. அதோடு, முடிந்தவரை சிரமம் குறைந்த பாதையில் போகிறது. வலைத்தளங்கள் பயன்படுத்தும் உத்திகள் அநேகமாக எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைத் தொடுகின்றன. ஒன்று, அறிகுறிகளைக் காட்டுவது. மற்றொன்று, சிரமத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது.

## காட்டப்படும் அறிகுறிகள்

பஸ் பக்கத்தில் "34 பேர் பார்க்கிறார்கள்" என்று வந்ததே, அது கூட்டம் நிற்கும் சாப்பாட்டுக் கடையேதான். மற்றவர்கள் செய்வதை வைத்து ஒன்றின் தரத்தை எடைபோடுவதற்குச் சமூகச் சான்று என்று பெயர். நட்சத்திர மதிப்பீடு, வாடிக்கையாளர் கருத்து, "அதிகம் விற்பனையாவது" என்ற பட்டை எல்லாம் இந்த வகைதான்.

"2 சீட்தான்" என்பது பற்றாக்குறை. 1975இல் ஒரு சோதனையில், ஒரே மாதிரி பிஸ்கட்டை ஒரு குழுவுக்குப் பத்து இருக்கும் ஜாடியிலிருந்தும் இன்னொரு குழுவுக்கு இரண்டே இருக்கும் ஜாடியிலிருந்தும் கொடுத்தார்கள். இரண்டு மட்டும் இருந்த ஜாடியின் பிஸ்கட்தான் அதிகம் வேண்டத்தக்கது, விலையும் அதிகம் பெறும் என்றார்கள் சாப்பிட்டவர்கள். கவனிக்க வேண்டியது, ருசி கூடுதல் என்று அவர்கள் சொல்லவில்லை. பொருள் மாறவில்லை, ருசி மாறவில்லை, ஆசை மட்டும் கூடியது.

பற்றாக்குறைக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. தெருவில் நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, பையிலிருந்த நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வருத்தம் பெரிது. இதற்கு இழப்பு வெறுப்பு என்று பெயர். 1979இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் தங்கள் கோட்பாட்டின் நடுவில் வைத்தது இதைத்தான். அந்தக் கடிகாரம் என்னிடம் ஒன்றும் விற்கவில்லை. சீட்டை முதலில் "உங்களுடையது" ஆக்கியது. அப்புறம் அது கையை விட்டுப் போவதாகக் காட்டியது.

மூன்றாவது நங்கூரம். நடைபாதைக் கடையில் பேரம் பேசியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடைக்காரர் முதலில் 800 என்றால் நாம் 500க்கு இறக்கி ஜெயித்துவிட்ட நினைப்பில் நடப்போம். முதலிலேயே 400 என்றிருந்தால் 250க்கு இழுபறி நடந்திருக்கும். முதலில் காதில் விழும் எண் மனத்தைக் கட்டிப்போடுகிறது. 1974இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் ஒரு சக்கரத்தை 10இல் அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி செய்து வைத்துச் சுழற்றினார்கள். பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 வந்தவர்கள் சொன்ன விடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வந்தது 25. 65 வந்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். அப்படியிருந்தும் அது இழுத்தது. ஆன்லைன் கடையில் 2,999 என்று அடித்துவிட்டுப் பக்கத்தில் 1,199 போட்டிருப்பதைப் பார்க்கும்போது இந்தச் சக்கரம் எனக்கு ஞாபகம் வரும்.

## ஒரு வரி நிரல்

அறிகுறி உண்மையாக இருக்கும்வரை அதில் தவறே இல்லை. பொய்யாகும்போதுதான் பிரச்சினை.

சில வருஷங்களுக்கு முன்பு கைத்தறிச் சேலைக் கடை ஒன்றுக்கு வலைத்தளம் செய்தோம். போட்டிக் கடையில் பார்த்ததுபோல் "இத்தனை பேர் பார்க்கிறார்கள்" என்று தன் கடையிலும் வரவேண்டும் என்றார் உரிமையாளர். அதற்கென்று ரெடிமேடாகக் கிடைக்கும் ஒரு நிரலை இறக்கித் திறந்து பார்த்தேன். பார்வையாளர்களை எண்ணும் வேலை அதில் எங்குமே இல்லை. 18க்கும் 45க்கும் நடுவில் ஏதாவது ஒரு எண்ணைக் குத்துமதிப்பாக எடு, சில நொடிகளுக்கு ஒருமுறை மாற்று என்ற கட்டளை மட்டும் ஒரு வரியில் இருந்தது. கடையில் ஈ, காக்கை இல்லாத நேரத்திலும் அது 31 என்று காட்டும்.

அந்த வரியை அவருக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேணாம் தம்பி, நம்ம சேலையே கொஞ்சம்தானே வருது" என்றார். அவர் சொன்னதில் விடை இருந்தது. கைத்தறியில் ஒரு பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) போட்டால் மூன்று நான்கு சேலைதான் வரும். அந்த நிறச் சேர்க்கை மறுபடி வருவது நிச்சயமில்லை. ஆகவே ஒவ்வொரு சேலைக்கும் கீழே "இந்தப் பாவில் நெய்தது 3, மீதி 1" என்று போட்டோம். அதுவும் பற்றாக்குறைதான், வாங்குகிறவரை முடிவை நோக்கித் தள்ளுவதுதான். ஆனால் அந்த எண் கடையின் அலமாரியிலிருந்து வருகிறது. இணங்க வைப்பதற்கும் ஏய்ப்பதற்கும் நடுவில் இருக்கும் கோடு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

## டீக்கடைச் சர்க்கரை

இனி இரண்டாவது வகை, சிரமம். பலர் கவனிக்காதது இது. என் அனுபவத்தில் அறிகுறிகளைவிட வலுவானதும் இதுதான்.

டீக்கடையில் "ஒரு டீ" என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்டுத்தான் வரும். வேண்டாம் என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பதுதான் டிஃபால்ட். போன் வாங்கியதும் வரும் ரிங்டோன் டிஃபால்ட். அதை எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? ஏற்கெனவே போட்டிருக்கும் டிக்கும் டிஃபால்ட்தான்.

இதன் வலு எவ்வளவு என்பதை எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் இருவரும் 2003இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை காட்டியது. இறந்த பிறகு உறுப்பு தானம் செய்ய ஒப்புதல் தந்தவர்கள் ஜெர்மனியில் 12 சதவீதம். பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். இரு நாட்டிலும் ஒரே மொழி, ஏறக்குறைய ஒரே பண்பாடு. ஜெர்மனியில் தானம் செய்ய விரும்புகிறவர் அதைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் விரும்பாதவர் சொல்ல வேண்டும். வித்தியாசம் அங்கேதான். இந்த எண்களைப் பகிர்கிறவர்கள் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: இது ஒப்புதலின் கணக்கு, நடந்து முடிந்த தானங்களின் கணக்கு அல்ல. தானம் நடக்க ஆஸ்பத்திரி வசதி, குடும்பத்தின் சம்மதம் என்று இன்னும் பல வேண்டும்.

ஏன் இவ்வளவு வலு? மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. மாற்றுவதற்கு ஒரு கிளிக் வேண்டும், அதற்கு முன் படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும். அந்தச் சிறு வேலையே பலரை நிறுத்திவிடும். அடுத்தது, ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பதை "இதுதான் வழக்கம், எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள்" என்ற அறிவுரையாக மனம் படித்துக்கொள்கிறது. கடைசியாக, முன்பு பார்த்த இழப்பு வெறுப்பு இங்கேயும் வருகிறது: காப்பீட்டு டிக்கை எடுத்தால் 29 ரூபாய் மிச்சம் என்று தோன்றுவதில்லை, இருந்த பாதுகாப்பு போய்விட்டது என்று தோன்றுகிறது. காலிப் பெட்டியாக வைத்திருந்தால் அதே 29 ரூபாயைச் செலவாகப் பார்த்திருப்போம்.

கூடுதல் செலவு வைக்கும் டிக்குகளை முன்கூட்டியே போட்டு வைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஜூன் முதல் தடுத்துவிட்டது. அங்கே வாங்குகிறவர் தன் கையால் போட்ட டிக்குக்குத்தான் பணம் கேட்கலாம்.

சிரமத்தை எதிர்த் திசையிலும் பயன்படுத்தலாம். வெளியே போகும் கதவை மட்டும் கனமாக்கிவிடுவது. அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 ஜூனில் அமேசான்மீது தொடுத்த வழக்கு இதைப் பற்றியது. பிரைம் சந்தாவில் சேர ஒன்றிரண்டு கிளிக் போதும், விலகுவதற்கோ நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தேர்வுகளைத் தாண்ட வேண்டும் என்றது கமிஷன். இந்த விலகும் பாதைக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்', பத்தாண்டுப் போரைப் பற்றிய நெடுங்காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமல், 250 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு.

சுருங்கச் சொன்னால், எந்தப் பாதையில் சிரமம் குறைவோ அதில்தான் பெரும்பாலோர் நடப்பார்கள். எந்தப் பாதையைச் சமன்படுத்தி வைப்பது என்பது வடிவமைப்பவர் கையில் இருக்கிறது. ஆகவே சேருவதற்கு எத்தனை கிளிக்கோ விலகுவதற்கும் அத்தனையே இருக்கவேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்.

இதே சிரமக் கணக்கை நல்லதற்கும் திருப்பலாம். உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை ஒரே நீளப் பக்கமாக வைப்பதற்குப் பதில் நான்கு துண்டாக்கி "4இல் 2 முடிந்தது" என்று காட்டினால், மாணவர் பாதியில் விட்டுப்போவது குறையும். இலக்கு நெருங்க நெருங்க வேகம் கூடுவது மனித இயல்பு. பணம் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைப் பெரிதாகக் காட்டி "இவருக்குத்தானா?" என்று கேட்பதும் சிரமம்தான். அது நமக்காக வைத்த சிரமம்.

## அந்த ஆரஞ்சு பட்டன்

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சுக்கு வாங்க வைக்கும் சக்தி எதுவும் கிடையாது. வெள்ளை வேட்டிக் கூட்டத்தில் ஒரு சிவப்புச் சட்டை கண்ணில் படுவதுபோல், சுற்றியிருப்பதிலிருந்து வேறுபட்டது கண்ணில் படும், நினைவிலும் நிற்கும். ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதை 1933லேயே எழுதிவிட்டார். பக்கம் முழுக்க ஆரஞ்சு என்றால் அங்கே நீலப் பட்டன்தான் தெரியும். வேலை செய்வது வேறுபாடு.

சைக்காலஜி விதி என்று சொல்லப்படும் பலவற்றையும் இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். 24 வகை ஜாம் வைத்தபோது ருசி பார்க்க வந்தவர்களில் 3 சதவீதமும், 6 வகை வைத்தபோது 30 சதவீதமும் வாங்கினார்கள் என்று 2000இல் வந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2010இல் இதுபோன்ற 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. சில இடத்தில் தேர்வு அதிகமானால் மனம் திணறும், சில இடத்தில் அதுவே பிடிக்கும். சேலைக்கடையில் ஆறே சேலையை விரித்துக் காட்டினால் எழுந்து போய்விடுவார்கள்.

## டார்க் பேட்டர்ன்: சட்டம் என்ன சொல்கிறது

நம் மனக் குறுக்குவழிகளையே நமக்கு எதிராகத் திருப்பி, நாம் விரும்பாததைச் செய்ய வைக்கும் வடிவமைப்புக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010இல் வைத்த பெயர் இது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகள், இவற்றில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன.

அந்தப் பட்டியலைப் படித்தபோது என் பஸ் டிக்கெட் பக்கத்தைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது. பொய் அவசரத்துக்கு அவர்கள் தரும் உதாரணம், இரண்டு அறைதான் மீதி, இன்னும் 30 பேர் இதைப் பார்க்கிறார்கள் என்பது. கேட்காமல் கூடையில் எதையாவது நுழைப்பது தனி வகை. அதில் நன்கொடையும் அடங்கும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். கட்டணத்தை முதலில் சொல்லாமல் கடைசியில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது இன்னொரு வகை. காப்பீடு வேண்டாம் என்கிறவரை "நான் பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்" என்ற பட்டனை அழுத்த வைத்துக் கூச்சப்படுத்துவது மற்றொன்று. இதில் எதைக் கண்டாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கையில் முதல் பக்கத்து விலையும் கடைசிப் பக்கத்து விலையும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் நல்லது.

அன்று இரவு இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டு 1,248 ரூபாய் கட்டினேன். மறுநாள் மத்தியானம் அதே பஸ்ஸை மறுபடி திறந்தேன். "இன்னும் 2 சீட்தான்" அப்படியே இருந்தது. சீட் வரைபடத்தைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினேன்: காலியாக இருந்தவை பதினொன்று. முந்தின இரவு நான் சீட் தேர்ந்தெடுத்ததும் இதே வரைபடத்தில்தான். கடிகாரம் ஓடும்போது எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. வரைபடத்தையும் அந்தச் சிவப்பு எழுத்தையும் ஒரே திரையில் வரும்படி படம் எடுத்துப் புகாரோடு இணைத்து அனுப்பினேன்.